பேத்தி பீருக்கு என் மூக்கு

மொத மொதல்ல நான் பீர் குடிச்சது ஒரு பொங்கலன்னிக்கு. தலைக்கு ஊத்திகினு, நெத்தில விபூதி இட்டுகினு, புதுப் பொடவையோட ஒக்காந்து, டிவில பட்டிமன்றம் ஓடுறப்போ குடிச்சேன். ஊத்திக் குடுத்தது என் பேத்தி. சொந்தக்காரங்க யாருக்கும் இத சொல்லல. உங்களுக்கு சொல்றேன். நீங்க எங்க வூட்டு கல்யாணத்துக்கு வரப்போறதில்ல, அந்த தைரியம்தான்.

பேத்தின்னா என் புள்ளையோட ஒரே பொண்ணு. பெங்களூர்ல வேல. பெரிய ஓட்டல் ஒண்ணு, முன்னால சாப்பாடு, பின்னால ஆள் ஒசரத்துக்கு டேங்க் டேங்கா வெச்சி அங்கயே பீர் காய்ச்சறாங்க. கடைல விக்கிற கம்பெனி பீர் இல்லியாம், கிராஃப்ட் பீராம். மாம்பழ சீசன்ல மாம்பழம் போட்டு ஒண்ணு, குளுருக்கு இஞ்சி போட்டு ஒண்ணுன்னு காலத்துக்கு தகுந்த மாதிரி காய்ச்சறது. நம்ம ஊறுகா போடற மாதிரின்னு வெச்சிக்கங்க. என் புள்ள மட்டும் கேக்கறவங்களுக்கெல்லாம் பொண்ணு ஃபுட் லேப்ல இருக்குதுன்னு சொல்லி வெச்சிருக்கான். முழுப் பொய்யில்ல. சாப்பாட்டுக்கு முன்னாடி குடிக்கற சாமான்தானே.

நாங்க இருக்கறது ஆம்பூர்ல, தோலு பதம் போடற டேனரிங்களுக்கு பின்னால தெரு. புள்ள ஷூ கம்பெனில கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். மருமக காவேரிப்பாக்கத்து ஏரித் தண்ணி குடிச்சி வளந்தவ. கட்டிகினு வந்த புதுசுல பகல் முழுக்க ஜன்னல சாத்தியே வெச்சிருப்பா, சோத்துத் தட்டு முன்னால ஒக்காந்தா ஓங்கரிப்பா. தோலு நாத்தம் தாங்கலியாம். நாங்கல்லாம் இன்னா நாத்தம், எங்க நாத்தம்னு சுத்தி சுத்திப் பாப்போம். எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அப்பால அவளுக்கும் தெரியாமப் போச்சி. அதுலருந்து அவ எங்க வூட்டுப் பொண்ணு.

அந்த வருஷம் போகியன்னிக்கு சாயங்காலம் பேத்தி வந்து எறங்கினா. பையத் தொறந்தா துணிக்கு நடுவுல அஞ்சு பாட்டில், ஒவ்வொண்ணையும் ஒரு சுடிதார்ல சுத்தி, கைக்கொழந்தை மாதிரி. நாலு தினுசு, அதுல ஒரு தினுசு மட்டும் ரெண்டு பாட்டில். மருமக பாத்துட்டு நாள் கெழமையுமா இது இன்னாடி கண்றாவின்னா. வேலைக்கு வேணும்மான்னு சொன்னா பேத்தி. இன்னா வேலன்னா, பொங்கல் லீவுக்கு அவங்க ஓட்டல்ல பெரிய ஸ்கிரீன் கட்டி, லீவு நாள் நிகழ்ச்சிங்கள போடப் போறாங்களாம். பட்டிமன்றம், காமெடி, பழைய படம், புதுப் படம். ஒவ்வொண்ணுக்கும் பொருத்தமா ஒரு பீர். எந்த பீரு எப்படி இருக்குது, எந்த நிகழ்ச்சிக்கு எது சேரும்னு எழுதி அனுப்ப வேண்டியது இவ. அதைத்தான் போர்டுல எழுதி வெப்பாங்க.

அந்த நாலுல ஒண்ணு, ரெண்டு பாட்டில் கொண்டாந்தாளே அது, இவளே யோசிச்சி காய்ச்சினது. வெல்லமும் ஏலக்காயும் போட்ட பொங்கல் பீரு. போன தடவ வந்தப்போ வேலூர் மண்டில நாக்குல தொட்டு தொட்டுப் பாத்து வெல்லம் பொறுக்கிகினு போனதே அதுக்குதான், எங்களுக்குத் தெரியல. அது வரைக்கும் அவ அடுத்தவங்க சொல்ற பக்குவத்த காய்ச்சறவ, அசிஸ்டெண்டு. இது நல்லா போச்சின்னா ஒரு டேங்க அவ கைல குடுத்துடறேன்னு முதலாளி சொல்லியிருக்காரு. காணும் பொங்கல் சாயங்காலம் புதுப் படத்தோட அந்த டேங்க தொறக்கறது. அத சொல்றப்போ பேத்தி மொகம் பாக்கணுமே. ஆனா வாய்தான் சிரிச்சிது, கண்ணு சிரிக்கல. நான் பாத்துட்டேன்.

மறுநாள் விடியக்காலம் பொங்கலுக்கு பால் வெச்சோம். பேத்திய பக்கத்துல ஒக்கார வெச்சிட்டு நான் கோலத்துக்கு செம்மண் இட போனேன். திரும்பி வந்தா அடுப்புல பால் பொங்கி ஊத்தி, அடி தீஞ்சி, பொகை வருது. இவ ஒரு முழம் தள்ளி ஒக்காந்து போன் பாத்துகினு இருக்கா. மருமக திட்டினா. நான் திட்டல. எனக்கு வேற சந்தேகம். ஒரு மாசத்துக்கு முன்னாடி இவளுக்கு நல்ல காய்ச்சல்னு கேள்விப்பட்டது ஞாபகம் வந்துச்சி.

சமயக்கட்டுக்கு கூப்ட்டு, கண்ண மூடிக்கடின்னு சொல்லி, பெருங்காய டப்பாவ மூக்குகிட்ட புடிச்சேன். ஏலக்காய் எப்படி, புதுசா இருக்குதான்னு கேட்டேன். மோந்து பாத்துட்டு, சூப்பரா இருக்கு ஆயான்னா.

கண்ணத் தொறந்து டப்பாவப் பாத்தா. அப்படியே கீழ ஒக்காந்துட்டா. காய்ச்சல்ல போன மூக்கு இன்னும் வரலியாம். இனிப்பு, கசப்பு, புளிப்பு நாக்குல தெரியுதாம், மத்ததெல்லாம் வெறும் தண்ணி. டாக்டரு வரும் வரும்னு சொல்றாராம். எப்போன்னு சொல்லலியாம். ஓட்டல்ல யாருக்கும் சொல்லல. பீர் காய்ச்சறவளுக்கு மூக்கு இல்லன்னா தையக்காரனுக்கு கண்ணு இல்லாத மாதிரி ஆயா, டேங்க எங்க குடுப்பாங்க, வெளிய போன்னுடுவாங்கன்னு சத்தம் வராம அழுதா. அவ சொந்த பீரு எப்படி வந்திருக்குதுன்னு அவளுக்கே தெரியாது. அதுதான் பெரிய கொடும.

அதுக்கு நான் இன்னா செய்யணும்னேன். நீ குடிச்சிட்டு சொல்லு, நான் எழுதிக்கறேன்னா.

ஏன் நானு, அவ அப்பன் இருக்கானேன்னு கேப்பீங்க. அவன் குடிப்பான். தெருவுக்கே தெரியும். ஆனா எனக்கு மட்டும் தெரியாதுன்னு இத்தன வருஷமா நம்பிகினு இருக்கான். சனிக்கெழமையானா மோட்டார் பாத்துட்டு வர்றேன்னு போவான், எங்க வூட்ல மோட்டாரே கெடையாது. நானும் பத்திரமா பாத்துட்டு வாப்பான்னு அனுப்புவேன். அந்த மரியாதய பொங்கலும் அதுவுமா கெடுக்க வேணாம்னு விட்டுட்டோம். மருமக அந்த வாசனையே ஆவாதுன்னுட்டா. மிச்சம் நான்தான்.

பட்டிமன்றம் ஆரம்பிச்சிது. புள்ள பொங்கல் தின்னுட்டு மாடில தூங்கப் போய்ட்டான். பேத்தி கதவ சாத்திட்டு மொத பாட்டில தொறந்தா. கண்ணாடி கிளாஸ்தான் வேணும்னா, நான் என் சின்ன எவர்சில்வர் டம்ளர்தான் வேணும்னேன். கலர் தெரியணும் ஆயான்னு கெஞ்சினதால கண்ணாடிக்கு ஒத்துக்கினேன். மொதல்ல மோந்து பாக்கணும், அப்பால கொஞ்சமா வாயில வெச்சி சுத்தணும், அப்பால முழுங்கணும். நடுவுல நாக்கு சுத்தமாவ ரெண்டு பொரி. இதெல்லாம் ஒரு சாங்கியம் மாதிரி பயபக்தியா சொல்லிக் குடுத்தா.

மொதலாவது, வேப்பம்பூவ ஊற வெச்ச தண்ணிய யாரோ ஆரஞ்சுத் தோலால கலக்கி விட்ட மாதிரி இருந்துச்சி. கசப்புன்னா கசப்பு, தொண்டை வரைக்கும் போய் அங்கியே ஒக்காந்துகினு எறங்க மாட்டேங்குது. சொன்னேன். பேத்தி சந்தோஷமா போன்ல தட்டினா. டிவில ஒருத்தரு கைய ஆட்டி கத்திகினு இருந்தாரு, எல்லாரும் கை தட்டினாங்க. இதயே எழுதிக்கோன்னேன். ஆரம்பத்துல கசக்கும், நடுவுல பழகிடும், தீர்ப்பு சொல்றப்போ இன்னாத்துக்கு ஒக்காந்தோம்னே மறந்துடும். பட்டிமன்றத்துக்கு இதத் தவிர வேற எதுவும் சேராது.

ரெண்டாவது கோதுமையும் இஞ்சியும். டம்ளர் முக்காவாசி நுரை. ஊதி ஊதிப் பாத்தா அடில ஒரு வாய் இருந்துச்சி. கிச்சுகிச்சு மூட்டிட்டு ஓடிப் போச்சி. இது நடிகைங்க வந்து பொங்கல் வெக்கிற நிகழ்ச்சிக்குன்னேன். அங்கயும் அப்படித்தான், பான முழுக்க பூவு, உள்ள அரிசி இருக்குதான்னு தெரியாது.

இந்த நேரம் பாத்து எதிர்வூட்டு பாயம்மா உள்ள வந்துட்டா. லீவு நாளானா அவ எங்க வூட்லதான் டிவி பாப்பா. அவ வூட்டு டிவில பேரப்பசங்க கிரிக்கெட்ட விட்டு நகர மாட்டாங்க. என் வயசுதான், என் தோஸ்த்து, டிவி நிகழ்ச்சி அவளுக்கு மனப்பாடம். பாட்டில மறைக்கலாம்னு பாத்தேன், முடியல. கஷாயம்னு சொன்னேன். பாயம்மா டம்ளரப் பாத்தா, என் மொகத்தப் பாத்தா, தௌபா தௌபான்னு கன்னத்துல போட்டுகினா. எழுந்து போவான்னு நெனச்சேன். ஒரு நாற்காலிய ஜன்னலோரமா தள்ளிப் போட்டு ஒக்காந்தா. பேத்தி வெவரத்த சொன்னப்போ, பாயம்மா சொன்னது எனக்கு ரொம்பப் புடிச்சிது. "குடிக்கறது உங்க பாடு. எது எந்தப் படத்துக்குன்னு கேட்டா நான் சொல்றேன், அதுல எனக்கு பாவம் இல்ல."

அதுக்கப்பறம் எங்க ஆபீஸ் ஜோரா நடந்துச்சி. நான் குடிச்சி சொல்லுவேன், மருமக பாயம்மாவுக்கு டீ போட்டுக் குடுப்பா, பாயம்மா தீர்ப்பு சொல்லுவா. மூணாவது கேழ்வரகு பீரு, கறுப்பா. நேத்து வெச்ச கூழு அடி புடிச்சி, அது மேல யாரோ காப்பித்தூள் கொட்டின மாதிரின்னு நான் சொன்னேன். பாயம்மா யோசிச்சி, அது கறுப்பு வெள்ள படத்துக்குன்னா. மெதுவா போவும், கனமா இருக்கும், அழுதுட்டு எழுந்தா மனசு லேசாயிடும்னா. குடிக்காமயே எப்படி சொன்னான்னு இன்னிக்கும் எனக்கு ஆச்சரியம். மருமகளுக்கே ஆசை வந்து, என் சீரியலுக்கு எது சேரும்னு கேட்டா. அதுக்கு பாட்டில் பத்தாதுடின்னேன்.

ஏப்பம் மட்டும்தான் பேஜாரு. ஒண்ணொண்ணும் அடிவயித்துலருந்து ஊர்வலமா வந்துச்சி. சாயங்காலம் என் புள்ள எறங்கி வந்து, இன்னாம்மா உடம்பு சரியில்லியான்னான். வாயுப்பான்னேன். எனக்கும் ஒரு மோட்டார் இருக்குது, பாத்துட்டு வந்தேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சி, அடக்கிகினேன்.

வெல்ல பீர மாட்டுப் பொங்கலன்னிக்கு வெச்சிகினோம். அன்னிக்கும் டிவில மொத மொதலா போடற புதுப் படம் ஒண்ணு இருந்துச்சி. பேத்தி பாட்டில மெதுவா தொறந்தா. ஊத்தினா நல்ல கலரு, பாகு காய்ச்சறப்போ வருமே அந்த சேப்பு. மோந்தேன். ஏலக்காய் வந்துச்சி, வெல்லம் வந்துச்சி. வாயில வெச்சேன். நல்லா இருந்துச்சி. மத்த மூணையும் அவளுக்காக குடிச்சேன், இத எனக்காக குடிச்சேன். வேற எதனா வருதா ஆயா, கெட்ட வாசன, புளிச்ச வாசன, எதனான்னு தொருவித் தொருவிக் கேட்டா. மறுபடியும் மோந்து பாத்து, ஒண்ணுமே இல்லடி தங்கம், சுத்தமா இருக்குதுன்னேன். மருமகளும் மோந்து பாத்து நல்லாதாண்டி இருக்குதுன்னா. டம்ளரு பாயம்மா பக்கத்து ஸ்டூல் மேல படம் முடியற வரைக்கும் இருந்துச்சி, அவளும் ஒண்ணும் சொல்லல.

இது விளம்பரம் ஜாஸ்தி வர்ற புதுப் படத்துக்குன்னு முடிவு பண்ணோம். இனிப்பு நாக்குல நிக்கறதால விளம்பரம் முடியற வரைக்கும் தாங்கும். பேத்தி எல்லாத்தையும் எழுதி அன்னிக்கே முதலாளிக்கு அனுப்பிட்டா. ரொம்ப நல்லா இருக்குது, சிரிச்சோம், போர்டுல இதயே போடறோம்னு பதில் வந்துச்சி. அவ என்னக் கட்டிப் புடிச்சிகினா. அன்னிக்குதான் அந்தப் பொண்ணு வயிறு நெறய சாப்ட்டா.

காணும் பொங்கலன்னிக்கு மத்தியானம் சம்பந்தியம்மா வந்தாங்க. மருமகளோட அம்மா, காவேரிப்பாக்கத்துலருந்து. அவங்க எங்க ஊருக்கு வர்றதே ஒரு காட்சி. ஆட்டோலருந்து எறங்கறப்பவே முந்தான மூக்கு மேல ஏறிடும். சாப்பாட்டுக்கு மட்டும் எறங்கும், அப்பால திரும்ப ஏறிடும். இத்தன வருஷத்துல அவங்க மூக்க நான் முழுசாப் பாத்தது கம்மி. சம்பந்தி, மூக்குத்தி எதனா அடகு வெச்சிட்டீங்களா, ஏன் மறைக்கறீங்கன்னு நான் கேப்பேன். அவங்க, உங்க ஊர்ல மூக்கு இருந்தா தானே மூக்குத்திக்கு வேலன்னு சொல்லுவாங்க. பொழுது போயிடும் எங்களுக்கு.

கோழிக்கொழம்பு சாப்ட்டுட்டு ஒக்காந்திருந்தோம். பாயம்மாவும் இருந்தா. பேத்தி காய்ச்சினது ஒண்ணு இருக்குது, பாக்கறீங்களான்னு சம்பந்திய சீண்டினேன். இன்னான்னு தெரிஞ்சே சொன்னேன், மறைக்கல. குடிக்க மாட்டேன், பேத்தி செஞ்சதுங்கறதால மோந்து மட்டும் பாக்கறேன்னாங்க. மிச்சமிருந்த வெல்ல பாட்டில தொறந்து ஊத்தினா பேத்தி. சம்பந்தி முந்தானைய எறக்கி, டம்ளர மூக்குகிட்ட கொண்டு போய், சட்டுனு தூரமா வெச்சிட்டாங்க.

உங்க ஊரு நாத்தம் வருதுன்னாங்க.

நாங்க எல்லாரும் சிரிச்சோம். எப்பவும் சொல்றதுதானே. மருமக, ஜன்னல் தொறந்திருக்குதும்மான்னா. பாயம்மா, உங்களுக்கு மல்லிப்பூவ குடுத்தாலும் தோலுன்னுதான் சொல்லுவீங்கன்னா. சம்பந்திக்கு சிரிப்பு வரல.

"ஜன்னல் நாத்தம் எனக்குத் தெரியாதா. அது வெளிய இருக்குது. இது டம்ளர்ல இருக்குது."

பேத்தி சிரிச்சிகினு இருந்தவ நிறுத்திட்டா. எப்படி வருது அம்மம்மா, சரியா சொல்லுன்னா. ஏலக்காய்க்கு அடில, நனஞ்ச செருப்ப மூட்டைல கட்டி வெச்ச மாதிரி, மாட்டுக் கொட்டாய் மாதிரின்னு சொன்னாங்க அவங்க. பேத்தி மொகம் வெளுத்துப் போச்சி. கேழ்வரகு பீர்ல ஒரு வாய் மிச்சமிருந்துச்சி, அதயும் ஒரு டம்ளர்ல ஊத்தினா. சம்பந்தி கண்ண மூடச் சொல்லி, நான் பெருங்காயத்துக்கு செஞ்ச வேலைய இவ இதுக்கு செஞ்சா. டம்ளர மாத்தி மாத்தி வெச்சா. எத்தன தடவ மாத்தினாலும் அவங்க வெல்ல டம்ளரத்தான் தள்ளினாங்க.

அப்பால பேத்தி எங்களுக்கு புரியற மாதிரி சொன்னா. பீர புளிக்க வெக்கிற ஈஸ்ட்டு ஒண்ணு, நாம போடறது. அதே மாதிரி நாம கூப்பிடாம காத்துலயோ சரியாக் கழுவாத குழாய்லயோ ஒட்டிகினு உள்ள வர்றது இன்னொண்ணு. அது டேங்குல பூந்துட்டா கொஞ்ச நாள்ல இந்த வாசன ஆரம்பிக்கும். தோலு, குதிர, பழைய செருப்பு. படிக்கறப்போவே இத சொல்லிக் குடுத்தாங்களாம். இவளும் பரீட்சைல எழுதினாளாம்.

நான் டம்ளர எடுத்து மோந்தேன். வெல்லம், ஏலக்காய். வேற ஒண்ணுமில்ல. மருமக மோந்தா. ஒண்ணுமில்ல. தோலு நாத்தம் தாங்காம ஜன்னல சாத்தினவ அவ. அவ மொகத்தப் பாக்க எனக்கு சங்கடமாயிடுச்சி.

இந்த சத்தத்துல என் புள்ள மாடிலருந்து எறங்கி வந்தான். பொண்ணு மொகத்தப் பாத்தான், விஷயத்தக் கேட்டான். என்ன ஒரு தடவ பாத்தான். அப்பால டம்ளர எடுத்து, என் எதிர்லயே, ஒரு வாய் குடிச்சான். பழகின மாதிரி நாக்க சுழட்டி முழுங்கினான். அத்தன வருஷ மோட்டாரு அந்த ஒரு வாய்ல போச்சி. நல்லாதான்மா இருக்குது, எனக்கு ஒண்ணும் வரலியேன்னான். தோலு கட்டிங்ல நாள் முழுக்க நிக்கறவன் மூக்குல இன்னா வரும். பொண்ணுக்காக மானத்த விட்டான், அதுவும் ஒதவல. பாவமா இருந்துச்சி எனக்கு. குடிச்ச டம்ளர எங்க வெக்கறதுன்னு தெரியாம கைலயே வெச்சிகினு நின்னான்.

சாயங்காலம் அங்க டேங்க தொறக்கணும். சுத்தமா இருக்குதுன்னு எழுதி அனுப்பினது இவ.

நான் ஒரு யோசன சொன்னேன். பாட்டிலு பஸ்ஸுல வெய்யில் பட்டு கெட்டுப் போச்சி, எதுக்கும் டேங்க ஒரு தடவ பாத்துடுங்கன்னு சொல்லிடு. மூக்கப் பத்தி வாயத் தொறக்காத. மருமக அதுவும் வேணாம், சும்மா விடு, நம்ம இத்தன பேருக்கு தெரியல, அவங்களுக்கு மட்டும் தெரியப் போவுதான்னா. பாயம்மாதான், அவங்களுக்கெல்லாம் மூக்கு முழுசா இருக்கும்மான்னா. எனக்கு என் யோசன நல்ல யோசனயாத்தான் பட்டுச்சி. இப்பவும் அப்படித்தான் படுது. ஒரு பொய்ல ரெண்டு வேல முடியும்.

பேத்தி கேக்கல. எங்க எதிர்லயே போன் போட்டா. ஸ்பீக்கர்ல போடுடின்னேன், எனக்காகப் போட்டாளா, தனியாப் பேச பயந்து போட்டாளான்னு தெரியல.

"சார், வெல்லம் டேங்க தொறக்காதீங்க. தோல் வாசன வருது. எனக்கு ஒரு மாசமா மூக்கு இல்ல சார். அந்த நோட்ஸெல்லாம் எங்க ஆயா குடிச்சி சொன்னது."

என் புள்ள டம்ளர இன்னும் கீழ வெக்கல. முதலாளி, உங்க ஆயா எந்த ஊருன்னாரு. ஆம்பூர்னா. அப்பால ஒரு பெருமூச்சு வந்துச்சி. மூக்கு போன அன்னிக்கே சொல்லியிருந்தா வேற ஆள வெச்சி டேங்க பாத்திருப்பேனே, இப்போ முழு டேங்கும் சாக்கடைலதானே ஊத்தணும்னாரு. திட்டல. திட்டியிருந்தா தேவலன்னு இருந்துச்சி. லீவு முடிச்சிட்டு வா, வேல இருக்குது, ஆனா டேங்க் இப்போ இல்ல, மூக்கு வர்ற வரைக்கும் டேஸ்டிங் பக்கமே வராத, காய்ச்சற எடத்துல நில்லுன்னாரு. போன வெக்கறதுக்கு முன்னாடி, அந்த பட்டிமன்றம் கசப்பு, அதுவும் ஆயாவான்னு கேட்டாரு. ஆமா சார்னா. அது போர்டுல இருக்கட்டும்னுட்டு வெச்சிட்டாரு.

அன்னிக்கு சாயங்காலம் யாரும் டிவி போடல. சம்பந்தியம்மா, வந்திருக்கவே கூடாது நானுன்னு அழுதாங்க. பேத்திதான் அவங்க கையப் புடிச்சிகினு, நீ வந்ததுதான் அம்மம்மா நல்லது, இல்லன்னா ஊரே மோந்து பாத்திருக்கும்னா. நான் சம்பந்திய சீண்டாத ஒரே நாள் அதுதான். அவங்களும் அன்னிக்கு முந்தானைய ஏத்த மறந்துட்டாங்க. பாத்தேன், நல்ல மூக்கு, எடுப்பா இருந்துச்சி.

பேத்தி ஊருக்குப் போறப்போ கூட பாட்டில் இல்ல, நாலு சின்ன டப்பா இருந்துச்சி. மூக்குக்கு பழக்கம் குடுக்கணும், தெனம் ரெண்டு வேள வாசனையான சாமான மோந்து பாக்கணும்னு டாக்டரு சொல்லியிருந்தாராம். ஒண்ணுல கிராம்பு வெச்சேன், ஒண்ணுல எலுமிச்சத் தோலு, ஒண்ணுல எனக்கு முட்டிக்கு தடவற தைலத்துல தோச்ச பஞ்சு. நாலாவது டப்பாவ என் புள்ள எடுத்துகினு போய், கம்பெனில வெட்டி மிச்சமான தோல் துண்டு ஒண்ணப் போட்டு மூடிக் குடுத்தான். அன்னிக்கு சனிக்கெழமை. பஸ் ஏத்திட்டு வந்தவன் மோட்டாரு பக்கம் போவல. நான்தான், இன்னாப்பா மோட்டாரு ரிப்பேரான்னேன். சிரிச்சிகினே செருப்பக் கழட்டினான்.

அப்பால தெனம் சாயங்காலம் போன். எதனா வந்துச்சான்னு கேப்பேன். இல்ல ஆயான்னு சொல்லுவா. கிராம்பு? இல்ல. எலுமிச்ச? லேசா புளிக்கிற மாதிரி இருக்குது, ஆனா மனசுல தோணுதா இன்னான்னு தெரியல. நானும் பாயம்மாவும் அவளுக்கு தைரியம் சொல்லிட்டு, வெச்சப்பறம் எங்களுக்கு நாங்களே சொல்லிக்குவோம். மாசி போச்சி, பங்குனி போச்சி. அங்க மாம்பழ பீரு காய்ச்ச ஆரம்பிச்சிட்டாங்க, இவ மூட்டை தூக்கிக் கொட்டிகினு, குழாய் கழுவிகினு இருந்தா. அந்தக் குழாய அவ கழுவற மாதிரி யாரும் கழுவறதில்லன்னு முதலாளி சொன்னாராம். அத சொல்றப்போ அவ கொரல்ல சந்தோஷமும் இல்ல, வருத்தமும் இல்ல.

சித்திர மாசத்துல ஒரு நாள் பகல்லயே போன் வந்துச்சி. பயந்துட்டேன். ஆயா, ஒண்ணு வந்துடுச்சின்னா. கிராம்பான்னேன். இல்ல. தைலமா? இல்ல ஆயா, தோலு. அது மட்டும் வருது. டப்பாவ தொறந்தா மூஞ்சில அடிக்குது. ஆயா, நாம இந்த நாத்தத்துலயா இருந்தோம்னா. சிரிக்கறாளா அழுவறாளான்னு தெரியல. மருமக போன வாங்கி, மத்ததும் வரும்டி, வரிசையா வரும்டின்னா.

மத்தது இன்னும் முழுசா வரல. எலுமிச்ச பாதி வந்திருக்குது. ஆனா இப்போ அவளுக்கு அங்க ஒரு புது வேல குடுத்திருக்காங்க. எந்த டேங்க தொறக்கறதா இருந்தாலும் மொதல்ல இவதான் மோந்து பாக்கணும். வெல்லம், மாம்பழம், இஞ்சியெல்லாம் வேற யாரோ சொல்லுவாங்க. தோலு வருதா வரலியான்னு மட்டும் இவ சொல்லணும். அடுத்த பொங்கலுக்கு வெல்லத்த திரும்பக் காய்ச்சலாம்னு முதலாளி வாய விட்டிருக்காரு. வேலூர் மண்டிக்கு நான் கூட வர்றேன்னு சொல்லியிருக்கேன், நாக்குல தொட்டுப் பாக்க.

கம்பெனித் தோலு துண்டு ஒண்ணு எனக்கும் வேணும்னு என் புள்ளகிட்ட வாங்கி வெச்சிருக்கேன். தெனம் விளக்கு வெச்சதும் எடுத்து மூக்குகிட்ட வெச்சிப் பாப்பேன். பாயம்மாவும் ஒரு தடவ மோந்து பாப்பா. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவோம். அப்பால டிவியப் போடுவோம்.

எங்களுக்கு இன்னும் ஒண்ணும் வரல.